ஒரிஜினலா, மாற்றுத் தயாரிப்பா? கேமரா பேட்டரி பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரைத் திருவிழா முடிந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. அழகர் ஆற்றில் இறங்கிய அதிகாலையில் கேமரா அணைந்துபோன கதையை இம்முறை பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இரவெல்லாம் வைகைக் கரையில் காத்திருந்து, குதிரை வாகனம் கண்ணெதிரே வரும்போது திரை இருண்டுபோனால் ஏற்படும் வேதனையை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் பேட்டரிக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: நான் உசிலம்பட்டியில் திருமணம், காதணி விழா போன்ற விசேஷங்களுக்குப் படம் எடுத்து வருகிறேன். கேனான் 1500டி வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உடன் வந்த பேட்டரியில் இப்போது முகூர்த்தம் முடியும் வரைகூடச் சார்ஜ் நிற்பதில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்தார்கள். முதலாவது, பில்லுடன் கூடிய கம்பெனி பேட்டரி. இரண்டாவது, வேறொரு நிறுவனத்தின் பெயரில் வருவது. விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவதில் கேனான் என்றே அச்சிட்டிருந்தது. ஆனால் விலை இரண்டாவதைவிடவும் குறைவு, பில்லும் கிடையாது என்றார்கள். எதை வாங்கலாம் ஐயா?
— ஒளிப்படக் கலைஞர், உசிலம்பட்டி

பதில்: மூன்றாவதை வாங்க வேண்டாம். மற்ற இரண்டில் எது என்பது நீங்கள் எடுக்கும் படத்தைப் பொறுத்தது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் 'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா' என்று இரண்டாகப் பிரித்துத்தான் கேட்கிறார்கள். அந்தப் பிரிவே சரியில்லை. தன் பெயரைத் துணிந்து அச்சிட்டு விற்கும் மாற்றுத் தயாரிப்பு ஒரு வகை. பிறருடைய பெயரைத் திருடி ஒட்டிக்கொண்டு வரும் போலி முற்றிலும் வேறு வகை. மாற்றுத் தயாரிப்பில் குறை வந்தால் கேட்பதற்கு ஒரு நிறுவனம் இருக்கிறது, உத்தரவாதம் இருக்கிறது. போலியைச் செய்தவர் யார் என்பது பல நேரங்களில் விற்பவருக்கே தெரியாது. மேலே எழுதிய பெயரிலேயே பொய் சொன்னவர் உள்ளே வைத்த செல்லில் மட்டும் உண்மையாக நடந்திருப்பார் என்று நம்ப முடியாது. நேர்மையான மாற்றுத் தயாரிப்பைப் பல ஆண்டுகளாக நானே பயன்படுத்துகிறேன். போலி ஒரிஜினலை என் பையில் வைக்க மாட்டேன்.

உங்கள் கேமராவுக்குரியது எல்பி-இ10 என்னும் பேட்டரி. அது 7.4 வோல்ட்; கொள்ளளவு 860 மில்லி ஆம்பியர்-மணி. லித்தியம் அயனி செல் ஒன்று ஏறத்தாழ 3.7 வோல்ட் தரும் என்பதால், உள்ளே இரண்டு செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுடன் விரல் நகம் அளவே உள்ள ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும் இருக்கும். சார்ஜ் ஏறும்போது ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டிவிடாமலும், இறங்கும்போது ஓர் எல்லைக்குக் கீழே போய்விடாமலும், முனைகள் ஒன்றோடொன்று பட்டால் உடனே துண்டிக்கும்படியும் காவல் காப்பது அந்தப் பலகைதான். பேட்டரியின் முகத்தில் கூட்டல், கழித்தல் தவிர மேலும் சில பித்தளை நிறத் தொடுமுனைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுவாக அவற்றுள் ஒன்று பேட்டரியின் சூட்டைச் சார்ஜருக்குத் தெரிவிப்பதற்கும், மற்றொன்று கேமராவுடன் தகவல் பரிமாறிக்கொள்வதற்கும் உரியவை.

விலையைக் குறைக்க நினைப்பவர் கை வைக்கும் இடம் இந்தப் பலகையும் செல்லும்தான். உழைத்து முடிந்த ஒரு மலிவு பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் பிரித்துப் பார்த்தேன். (சார்ஜ் முழுவதும் இறங்கியிருந்தாலும் இது ஆபத்தான வேலை, நீங்கள் செய்ய வேண்டாம்.) சூட்டை உணரும் தெர்மிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில், மாறாத அளவுள்ள ஒரு சாதாரண ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தார்கள். உள்ளே செல் எவ்வளவு கொதித்தாலும், 'நான் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறேன்' என்று அது சார்ஜரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். செல்கள் இரண்டும்கூட ஒரே நிறத்தில் இல்லை. எங்கிருந்தோ கழற்றிச் சேர்த்தவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வெளியே இருந்த ஸ்டிக்கர் மட்டும் மிக நேர்த்தி.

ஆகையால் அச்சையும் முத்திரையையும் பார்த்து அசலை அறியலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். 2011-இல் வந்த 1100டி முதலாகப் பல கேமராக்களில் எல்பி-இ10 பயன்பட்டு வருவதால், அதைப் போல் செய்பவர்களுக்குப் பழக நிறையக் காலம் கிடைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர், ஜிஎஸ்டி பில், உத்தரவாத அட்டை ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் அதை அசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத் தயாரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது மேலே அச்சிட்ட எண்ணை. எல்பி-இ10 அளவே உள்ள கூட்டில் 1500 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அந்த ஒரு எண்ணே அதை மறுக்கப் போதுமான காரணம். கூடு பெரிதாகவில்லை, செல்லும் பெரிதாகவில்லை. கொள்ளளவு மட்டும் முக்கால் மடங்கு எப்படிக் கூடும்? கேனானின் பெரிய பேட்டரியான எல்பி-இ6, 2008-இல் 1800 மில்லி ஆம்பியர்-மணியாக வந்தது; அதே அளவுக் கூட்டில் 2020-இல் வந்த எல்பி-இ6என்எச் 2130. பன்னிரண்டு ஆண்டு முன்னேற்றத்தில் கூடியது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பல பொய்கள் தாமாகவே வெளியே தெரியும். அசலுக்குச் சற்று முன்பின்னாக எண் போட்டிருக்கும் தயாரிப்பை நான் அதிகம் நம்புவேன்.

இரண்டாவதாக, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கப்படும் இத்தகைய செல்களும் பேட்டரிகளும் ஐஎஸ் 16046 என்னும் தரத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். முத்திரையின் அருகே 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வரும். கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வாங்கிய பிறகு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். புதிய பேட்டரியை முழுவதும் சார்ஜ் ஏற்றி, கேமராவின் தானியங்கி அணைப்பை நிறுத்தி, லைவ் வியூவை (பின்திரையில் காட்சியைப் பார்த்துப் படம் எடுக்கும் முறை) இயக்கி, நிழலான இடத்தில் வைத்துக் கேமரா தானாக அணையும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சோதனையை மறுபடியும் செய்தால், பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டிவிடும். மாற்றுத் தயாரிப்புகள் முதல் நாளில் அசலோடு போட்டியிடுவதும், ஓராண்டில் பின்தங்கிவிடுவதும் நான் அடிக்கடி காண்பது. 1500டி-க்கு ஒரு சார்ஜில் சுமார் 500 படம் என்று நிறுவனம் சொல்வது, பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் போட்டு, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியே எடுக்கும் சிபா என்னும் ஜப்பானிய அளவீட்டு முறையின்படி கிடைத்த எண்ணிக்கை. லைவ் வியூவிலேயே படம் பிடித்தால் அசல் பேட்டரியும் அந்த எண்ணிக்கையை எட்டாது. அதற்காகப் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

இனி உங்களுக்கான என் யோசனை. கம்பெனி பேட்டரி ஒன்றும், பெயருள்ள மாற்றுத் தயாரிப்பு இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணையும் வாங்கிய மாதத்தையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். பெண் அழைப்பு, வரவேற்பு, பந்தி, உறவினர் கூட்டம் ஆகியவற்றை மாற்றுப் பேட்டரிகளில் எடுங்கள். தாலி கட்டும் நேரம் நெருங்கும்போது, சார்ஜ் மீதி இருந்தாலும் பாராமல், முழுவதும் ஏற்றி வைத்த கம்பெனி பேட்டரியைப் போட்டுவிடுங்கள். மாற்றுப் பேட்டரிகள் பலவற்றில் அளவு காட்டும் கட்டங்கள் நிறைந்தே இருந்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாகச் சிவப்புக்கு இறங்கிவிடும். வரவேற்பில் அது நேர்ந்தால் அரை நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்; கெட்டிமேளம் கொட்டும்போது நேர்ந்தால் அந்த அரை நிமிடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

கேள்வி: என்னிடம் பதினைந்து ஆண்டுப் பழைய சிறிய டிஜிட்டல் கேமரா ஒன்று இருக்கிறது, மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அதற்குரிய ஒரிஜினல் பேட்டரி இப்போது வருவதில்லை. பழைய சரக்கில் பிரிக்காத ஒரிஜினல் ஒன்று இருப்பதாக ஒரு கடைக்காரர் கூறுகிறார். வாங்கலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, சோழவந்தான்

பதில்: உங்கள் நிலையில் நான் மாற்றுத் தயாரிப்பையே வாங்குவேன் அம்மா. லித்தியம் அயனி பேட்டரி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் முதுமை அடையும். உள்ளே நடக்கும் வேதிமாற்றம் நிற்பதில்லை. சார்ஜும் துளித்துளியாகக் கசிந்துகொண்டே இருக்கும். பல ஆண்டு அலமாரியில் கிடந்ததில் செல்லின் மின்னழுத்தம் அளவு மீறிக் குறைந்திருந்தால், காவல் சுற்று அதைத் துண்டித்துவிட்டிருக்கும். சார்ஜரில் வைத்தாலும் ஏறாது. அப்படிப்பட்ட செல்லை வலிந்து உயிர்ப்பிப்பதும் பாதுகாப்பானது அல்ல. எனவே பத்தாண்டுக்கு முன் செய்த அசலைவிடச் சென்ற ஆண்டு செய்த நல்ல மாற்றுத் தயாரிப்பே உங்களுக்கு உதவும். கடைக்கு அந்தப் பழைய பேட்டரியையும் சார்ஜரையும் எடுத்துச் சென்று, அதன் மேலுள்ள மாடல் எண்ணைக் காட்டி வாங்குங்கள். கேமராவின் பெயரை மட்டும் சொன்னால் தவறிப்போக வாய்ப்புண்டு. மகன் வாங்கித் தந்த கேமரா இன்னும் படம் எடுக்கிறது என்று படித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கேள்வி: கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, இரண்டாண்டாக நன்றாக உழைத்த மாற்றுப் பேட்டரியைப் போட்டால் 'இந்தப் பேட்டரியைப் பயன்படுத்த முடியாது' என்று திரையில் வருகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?
— கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. இன்றைய கேமராக்கள் பலவற்றில் பேட்டரிக்குள் ஒரு சில்லு இருக்கிறது. கேமரா கேட்கும் கேள்விக்கு அது சரியான பதில் தந்தால்தான் கேமரா இயங்கும். மாற்றுத் தயாரிப்பாளர்கள் அந்த உரையாடலை ஆராய்ந்து அதைப் போலவே பதில் சொல்லும் சில்லை வைக்கிறார்கள். புதிய மென்பொருளில் கேள்வி மாறினால் பழைய பேட்டரிக்குப் பதில் தெரியாது. முதலில் தொடுமுனைகளை உலர்ந்த சுத்தமான பருத்தித் துணியால் மென்மையாகத் துடைத்து மறுபடியும் போட்டுப் பாருங்கள். வியர்வைக் கறையும் தூசியும்கூட இதே செய்தியை வரவழைப்பதுண்டு. அப்படியும் ஏற்கவில்லை என்றால், கடையில் 'ஃபுல்லி டீகோடட்' என்று விற்கும் புதிய பேட்டரியைக் கேளுங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன் உங்கள் கேமராவிலேயே போட்டுப் பார்த்து, அளவு காட்டுகிறதா, உங்களுடைய சார்ஜரில் ஏறுகிறதா என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றுப் பேட்டரியை நம்பித் தொழில் செய்பவர்கள், முக்கியமான நிகழ்ச்சிக்கு முதல் நாள் மென்பொருளைப் புதுப்பிக்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் படம் எடுத்தபோது வராத தொல்லை, சித்திரை வெயிலில் வருகிறது. பேட்டரி சூடாகிறது, சீக்கிரம் இறங்குகிறது. மலிவான பேட்டரி என்பதால்தானா?
— பகுதிநேர ஒளிப்படக் கலைஞர், அனுப்பானடி

பதில்: மலிவான பேட்டரி சூட்டை மோசமாகத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எந்தப் பேட்டரிக்கும் அது கெடுதல்தான். சார்ஜ் ஏற்றுவதற்குக் கேமரா கையேடுகள் பொதுவாக 5 முதல் 35 அல்லது 40 டிகிரி வரை என்றுதான் எல்லை வகுத்திருக்கின்றன. தகர ஷீட் போட்ட மொட்டை மாடி அறையில் மதியம் சார்ஜ் போட்டால், ஏறத் தொடங்கும் முன்பே அந்த எல்லை கடந்துவிடும். வெயிலில் எடுத்து முடித்த கையோடு சூடான பேட்டரியைச் சார்ஜரில் செருகாதீர்கள். அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிட்டு, முடிந்தால் இரவில் ஏற்றுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் பேட்டரியை விட்டுச் செல்வதுதான் நான் காணும் மிகப் பெரிய தவறு. சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்திருப்பது செல்லை மிக வேகமாக முதுமையாக்கும். ஆகையால், வாரக்கணக்கில் வேலை இல்லாத காலத்தில் பாதி அளவு சார்ஜில் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். ஆடி மாதத்தில் விசேஷம் குறையும்போது இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கொடைக்கானலில் மார்கழி அதிகாலையில் இதற்கு நேர்மாறு நடக்கும். குளிரில் செல்லின் வேதிவினை மந்தமாகிச் சார்ஜ் தீர்ந்தது போலக் காட்டும். சட்டைப் பைக்குள் வைத்து உடல் சூட்டில் வெதுவெதுப்பாக்கினால் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். பழுது என்று எண்ணி அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: ஃபிளாஷுக்கு நான்கு பென்சில் செல் போடுகிறேன். அவற்றில் 1.5 வோல்ட் என்று இருக்கிறது. ரீசார்ஜ் செய்யும் செல்லில் 1.2 வோல்ட் என்று இருக்கிறது. வெளிச்சம் குறையாதா?
— ஸ்டுடியோ உரிமையாளர், திண்டுக்கல்

பதில்: குறையாது. ஃபிளாஷ் ஒரே நொடியில் பெரிய அளவு மின்னோட்டத்தை இழுக்கும் கருவி. அப்போது நீங்கள் போடும் சாதாரண ஆல்கலைன் செல்லின் 1.5 வோல்ட் சட்டென்று இறங்கிவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் தன் 1.2 வோல்ட்டை ஏறத்தாழக் கடைசிவரை பிடித்து நிற்கும். எனவே ஃபிளாஷ் மறுபடி தயாராகும் நேரம் குறையும். சான்யோ நிறுவனம் 2005-இல் கொண்டுவந்து, இப்போது பானசோனிக் பெயரில் வரும் எனலூப் வகை செல்கள், ஏற்றி வைத்த சார்ஜை மாதக்கணக்கில் இழக்காமல் வைத்திருக்கும். இவற்றின் வழக்கமான வகை ஏறத்தாழ 2000 மில்லி ஆம்பியர்-மணிதான். இதே அளவு செல்லில் 4000, 5000 என்று அச்சிட்டு வருபவற்றை வாங்காதீர்கள். நான்கு செல்லையும் ஒரே நேரத்தில் வாங்கி ஒன்றாகவே சார்ஜ் போடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் செல்கிறேன். உபரிப் பேட்டரிகளைப் பெட்டியில் வைக்கலாமா?
— வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். முனைகள் சாவி, காசு போன்றவற்றில் படாதபடி ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். 100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிகளுக்கு விமான நிறுவனத்தின் சிறப்பு அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரி அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும்: 7.4 வோல்ட், 0.86 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 6.4. மாற்றுத் தயாரிப்பு வாங்கும்போது அந்த எண் மேலே தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தே இல்லாத பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் மறுத்தால் அவர்களிடம் வாதாட முடியாது.

கேள்வி: மலிவாக வாங்கிய பேட்டரி உப்பி, கேமராவுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: வேண்டவே வேண்டாம், இந்த இதழ் வரும் வரை காத்திராமல் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். உப்பியிருப்பது என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அளவுக்கு மீறிய சார்ஜ், சூடு, முதுமை இவற்றால் செல்லினுள் இருக்கும் திரவம் சிதைந்து அந்த வாயு உண்டாகிறது. கூர்மையான எதையாவது செலுத்திச் செல்லின் உறை கிழிந்தால், தீப்பற்றும் அளவுக்குச் சூடேறக்கூடும். கேமராவை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்து, பிடித்திருக்கும் சிறு கொக்கியை விரலால் விலக்கியபடி, மடித்த துண்டின் மேல் கேமராவைக் கவிழ்த்து உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். நான் பார்த்த பலவற்றில் இதற்கே இறங்கி வந்துவிட்டது. வரவில்லை என்றால் அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். கேமராவின் அடிக்கூட்டைக் கழற்றினால் எளிதாக எடுத்துவிடுவார்.

வெளியே எடுத்த பேட்டரியை மறுபடி சார்ஜரில் வைத்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய மண்சட்டியில் போட்டு, சமையலறைக்கும் படுக்கை அறைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பயன்படுத்தி முடிந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சாரும். எனவே விற்ற கடையிலோ மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமோ ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையுடன் மட்டும் போட்டுவிடாதீர்கள். குப்பை வண்டியில் அது நசுங்கும்போது பக்கத்தில் நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி.